இருவரும் ஒருவரே

சங்கரன்கோவில்
13.6.2025

அன்புள்ள ஹனாவுக்கு,

உன் சிநேகிதி சுமதி எழுதுவது. இங்கே உன் வாப்பா, உம்மா, தங்கச்சி ரூபியா மூவரும் சுகம். எங்கம்மாவும் இளையரசனேந்தலில் அவள் ஆடுகளோடு சுகமாக இருக்கிறாள். நீ மும்பைக்கு வேலையில் சேரப் போய் இன்றோடு பதிமூன்று நாள். சாப்பாடு ஒத்துக்கொண்டதா, அந்த ஊர் ரயிலில் மிதிபடாமல் ஏறப் பழகிவிட்டாயா என்றெல்லாம் கேட்க ஆசைதான். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

போனில் பேசாமல் இந்தக் கிறுக்கி எதற்குக் கூரியரில் காகிதம் அனுப்புகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். போனில் சொன்னால் நான் அழுது தொலைப்பேன், நீ என்னைச் சமாதானப்படுத்துவாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். இது முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதோடு, கூடவே ஒரு முத்திரைத்தாளும் இருக்கிறது. அதில் நீ மையால் கையெழுத்துப் போட வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம், உன் விவரங்களைச் சரிபார்க்க உங்கள் கம்பெனி சார்பில் ஒருவர் திருநெல்வேலியிலிருந்து பைக்கில் வந்தார். அவர் கையில் இருந்த தாளில் ஹனா சங்கரன்கோவில், ஊர் சங்கரன்கோவில் என்று இருந்திருக்கிறது. ஊர்ப் பெயரை யாரோ தவறுதலாக இரண்டு தடவை அடித்துவிட்டார்கள், அப்பா பெயர் சங்கரனாக இருக்கும் என்று அவராகவே முடிவு பண்ணிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் பைக்கை நிறுத்தி, பூ கட்டுகிற அக்காவிடம் சங்கரன் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அந்த அக்கா, "சங்கரன் வீடா? அந்தா கோபுரம் தெரியுதுல்லா, அதான் அவரு வீடு. செருப்பைக் கழத்திப் போட்டுட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மனுஷன் கோயில் வாசல் வரைக்கும் போய்விட்டுத்தான், விண்ணப்பத்தில் இருந்த என் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். நான் என் இ-சேவை மையத்தை அரை மணி நேரம் பூட்டிவிட்டு உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

உன் வாப்பா அப்போதுதான் பூ மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு ஆட்டோவை வீட்டு முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தார். சங்கரன் சார் இருக்கிறாரா என்று வந்தவர் கேட்டார். வாப்பா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். வந்தவர் போனில் உன் போட்டோவையும் அதற்குக் கீழே இருந்த பெயரையும் காட்டினார். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு ரொம்ப மரியாதையாக, "எங்க புள்ளைக்கு ரெண்டு எஸ் சார். பள்ளிக்கூடத்துல சேக்கும்போதே எஸ்.எஸ். பாத்திமா ஹனான்னுதான் போட்டது. ஒண்ணு ஊரு, ஒண்ணு நான். எம்பேரு சித்தீக். இதுல ஊரைப் போட்டிருக்கு. ரெண்டும் எங்களுதுதான்" என்றார். வந்தவருக்கு நன்னாரி சர்பத் வாங்கிக்கொடுக்கச் சொன்னார். ஒரு சொல் தடுமாறவில்லை ஹனா. மகளுடைய பெயரிலிருந்து தன் பெயர் காணாமல் போயிருப்பதை அந்த நிமிஷம்தான் அவர் பார்க்கிறார். பார்த்தவர் உன் வேலைக்கு ஒரு குறையும் வராமல் பேசினார். நான் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வந்தவர் போன பிறகுதான் என்னிடம் கேட்டார். "ஏட்டி மக்கா, எம்பேரு நீளமா இருந்துச்சோ? அந்தப் பெட்டிக்குள்ள அடங்கலியோ?"

ஆமாம் மாமா, அடங்கவில்லை என்றேன். சித்தீக்குக்கு இங்கிலீஷில் ஆறு எழுத்து. சங்கரன்கோவிலுக்குப் பதிமூன்று. சவுதியில், தம்மாமில் பதினேழு வருஷம் லாரி ஓட்டி, போர்டெல்லாம் இங்கிலீஷில் வாசித்த மனுஷனுக்கு இது தெரியாதா? "அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு, அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கை கால் கழுவி ஒளு எடுக்க உள்ளே போய்விட்டார்.

இனி உண்மையைச் சொல்கிறேன். ஏன் பெயர் மாறியிருக்கிறது என்று ஏப்ரலில் நீ கேட்டபோது, இனிஷியலை விரித்து எழுதும்போது கை தவறி ஊரைப் போட்டுவிட்டேன் என்றேன். கை தவறவில்லை. தெரிந்தே போட்டேன்.

உன் விண்ணப்பங்களை எல்லாம் நான்தானே நிரப்பினேன். நீ சி.ஏ. தேர்வில் முதல் தடவையிலேயே எல்லாப் பேப்பரும் பாஸ். மதுரையில் மூன்று வருஷம் பயிற்சி. முதலீட்டுப் படிப்பில் இரண்டு நிலை முடித்தாயிற்று. அப்படியிருந்தும் நாற்பத்தோரு இடத்துக்குப் போட்டு ஒரு இடத்திலிருந்துகூட ஒரு போன் வரவில்லை. கடைசிப் பெயர் என்ற பெட்டி இனிஷியலை ஏற்காது, முழுசாகக் கேட்கும். நாற்பத்தோரு தடவையும் சித்தீக் என்றுதான் அடித்தேன். இப்போது நீ இருக்கிற கம்பெனியும் அதில் ஒன்று. ஜனவரியில் போட்டோம், நாலாவது நாளே வருந்துகிறோம் என்று மெயில் வந்தது. ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீ, சரி அடுத்ததைப் போடு என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரலில் அதே கம்பெனி அதே வேலைக்கு மறுபடி ஆள் கேட்டது. பெயர்ப் பெட்டியில் ஹனா என்று மட்டும் போட்டேன். கடைசிப் பெயரில் முதல் எஸ்ஸை எடுத்து விரித்தேன். மார்க், படிப்பு, பயிற்சி எதையும் தொடவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. என்ன ஆகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது. மிஸ் ஹனா சங்கரன்கோவிலோடு பேச முடியுமா என்று ஒரு பெண் அவ்வளவு இனிமையாகக் கேட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒருவேளை தற்செயலாக இருக்கும் என்று, அந்த மாதமே அதே பெயரில் இன்னும் ஐந்து இடத்துக்குப் போட்டேன். அதில் மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள்.

இன்றைக்கும் நினைத்தால் புல்லரிக்கிறது. மும்பையில் கடலைப் பார்த்தபடி ஒரு கட்டடம், அதில் எத்தனை மாடி என்றுகூட எனக்குத் தெரியாது. நான் திருவேங்கடம் ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பதிமூன்று எழுத்தைத் தட்டினேன். அது திறந்துவிட்டது. உன் படிப்பு முழுவதும் நாற்பத்தோரு தடவை தட்டித் திறக்காத கதவு.

இதில் நான் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது. தென்காசியில் அந்த நகைக்கடன் கம்பெனி இன்டர்வியூவுக்கு நான் போனது உனக்குத் தெரியும். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். மேனேஜர் நல்ல மனுஷன் மாதிரிதான் சிரித்தார். கடைசியில், "சங்கரன்கோவில்ல எந்தத் தெரும்மா?" என்று கேட்டார். சொன்னேன். பைலை மூடிவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் ஒன்றும் போடுவதில்லை என்று நாம் பெருமை பேசுகிறோம். அதனால்தான் தெருவைக் கேட்கிறார்கள்.

இப்போது முத்திரைத்தாள் விஷயம். சான்றிதழில் பெயர் வேறு, விண்ணப்பத்தில் பெயர் வேறு என்று வந்தவர் ரிப்போர்ட் அனுப்பியிருப்பார். பத்து நாளுக்குள் நீ எழுத்தில் விளக்கம் கொடுக்காவிட்டால் வேலையை ரத்து செய்யலாம் என்று உன் நியமன உத்தரவிலேயே இருக்கிறது, நான் வாசித்துவிட்டேன். வக்கீல் ஞானதுரை அண்ணாச்சி வாசகம் சொன்னார், நான் டைப் அடித்தேன். பாத்திமா ஹனா சித்தீக் என்பவரும் ஹனா சங்கரன்கோவில் என்பவரும் இருவரல்ல, இருவரும் ஒருவரே என்பது முதல் பத்தி. இனி எல்லா இடத்திலும் ஹனா சங்கரன்கோவில் என்ற பெயரிலேயே வழங்கப்படுவேன் என்பது இரண்டாவது பத்தி. அங்கே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை தப்பித்துவிடும் என்று அண்ணாச்சி சொல்கிறார்.

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் திட்டுவதற்கு முன்னால் கையெழுத்தைப் போட்டுவிடு. உனக்கு அந்த நாற்காலி நிலைக்க வேண்டும் என்று நான் எல்லாச் சாமியையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், உன் சாமியையும் சேர்த்து.

உன் மன்னிப்பைக் கேட்கக்கூட வெட்கப்படும்,
சுமதி


மும்பை
24.6.2025

அன்புள்ள சுமதிக்கு,

உனக்கும் உன் அம்மாவுக்கும் ஆண்டவன் நல்ல சுகத்தைத் தரட்டும். உன் கூரியர் வந்து சேர்ந்தது. வாசித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் அப்படி ஒரு கோபம். நீ கூப்பிட்டபோது வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கோபம் என்மேல் திரும்பிவிட்டது.

ஏனென்றால் நானும் நல்லவள் இல்லை. முதல் இன்டர்வியூவில், வணக்கம் மிஸ் சங்கரன்கோவில் என்று அவர்கள் சொன்னபோது, அது என் பெயர் இல்லை, என் ஊர் என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி கிடைத்தது. நான் சிரித்தேன். கை தவறிவிட்டது என்று நீ சொன்னபோதும் நான் முழுசாக நம்பவில்லை. நீ ரேஷன் கார்டு விண்ணப்பத்தில்கூட ஒரு புள்ளி தவறவிட மாட்டாய். நம்புவது சௌகரியமாக இருந்தது, அதனால் நம்பினேன்.

இங்கே கட்டடத்தைப் பற்றிக் கேட்டாயே, இருபத்தேழு மாடி. எங்கள் இடம் இருபத்திரண்டில். முதல் நாள் ஜன்னலிலிருந்து கடலைப் பார்த்தபோது வாய் தன்னால் ஓதிக்கொண்டது. கீழே கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஏற்றியிருக்கிற சரக்கு யாருடையது, அந்தக் கம்பெனி பிழைக்குமா முழுகுமா என்று மேலே உட்கார்ந்து நாங்கள் கணக்குப் போடுகிறோம். நான் புத்தகத்தில் படித்ததெல்லாம் இங்கே உயிரோடு நடமாடுகிறது. காலையில் வேலையைத் தொடங்கினால் சாப்பிட மறந்துபோகிறது. இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை சுமதி. அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

கூட வேலை பார்க்கிற ஒரு பெண், ரொம்ப நல்லவள், எனக்கு வாடகைக்கு வீடு தேடிக் கொடுத்தாள். ஒரு வீட்டைக் காட்டிவிட்டு, பயமில்லாமல் இருக்கலாம், இந்தக் கட்டடத்தில் முஸ்லிம்களுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னாள். என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னாள். நான் தண்ணீர் குடித்தேன். வீடு பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்கே திரும்பிவிட்டேன். அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. வாப்பா கேட்ட கேள்வியையும் அன்றைக்குத்தான் வாசித்தேன்.

பெயர் பொருந்தவில்லை என்று மெயில் வந்தது. விளக்கம் கொடுக்க வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொன்னார்கள். நீ அனுப்பிய முத்திரைத்தாளை எடுத்துக்கொண்டு முதல் நாளே நோட்டரியிடம் போனேன். இரண்டாவது பத்தியைக் குறுக்கே அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். முதல் பத்திக்குக் கீழே கையெழுத்திட்டேன். அவர், எதற்கு அடிக்கிறீர்கள், இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். எனக்கு ஒரு பத்தி போதும் என்றேன்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஆள் எடுக்கிற பிரிவின் மேடம் ஒருவர், எங்கள் டீம் தலைவர் ஒருவர். தலைவர் நரைத்த தலை, அதிகம் பேச மாட்டார். அவர் பார்வை பட்டாலே என் கணக்கில் இருக்கிற தப்பு எனக்கே தெரிந்துவிடும். நான் நான்கு தாள்களை மேஜையில் வைத்தேன். ஜனவரி விண்ணப்பம், அதற்கு வந்த வருந்துகிறோம் மெயில், ஏப்ரல் விண்ணப்பம், அதற்கு வந்த வரவேற்கிறோம் மெயில். அவற்றுக்கு மேலே உன் முத்திரைத்தாள்.

அல்ஹம்துலில்லாஹ், சொல்ல நினைத்ததை வரிசையாகச் சொல்லிவிட்டேன். என் பெயர் பாத்திமா ஹனா, வாப்பா பெயர் சித்தீக், ஊர் சங்கரன்கோவில் என்றேன். ஏப்ரலில் ஊரைப் போட்டது கை தவறி நடந்ததில்லை, என் சார்பில் தெரிந்தே போட்டது, இன்டர்வியூவில் நானும் திருத்தவில்லை, அதற்காக என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். பிறகு, இந்த இருவரும் ஒருவரே என்று நான் சத்தியம் செய்து கையெழுத்திட்டிருக்கிறேன், ஒருவரே என்றால் ஒருத்திக்கு நாலு நாளில் வருத்தமும் இன்னொருத்திக்கு மூன்று நாளில் வரவேற்பும் எப்படி வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

மேடம், விண்ணப்பங்களை முதலில் சலித்தெடுப்பதை மனிதர்கள் செய்வதில்லை, கம்ப்யூட்டர்தான் செய்கிறது என்றார். தலைவர் இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கணக்குச் சரிபார்க்கிற அதே விரல். கடைசி வரி வரைக்கும் போனார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேடத்தைப் பார்த்து, ஜனவரியில் தகுதியான ஆள் யாருமே கிடைக்கவில்லை என்று சொல்லித்தானே என் டீமில் மூன்று மாதம் ஒரு இடத்தைக் காலியாக வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

சுமதி, நான் சங்கரன்கோவிலில் உட்கார்ந்து, நமக்குத் தகுதி இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த மூன்று மாதமும் இங்கே எனக்காக ஒரு நாற்காலி காலியாகவே இருந்திருக்கிறது. யாரும் உட்காராமல். அவர்களும் ஆள் இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

முடிவு இன்னும் சொல்லவில்லை. குழு கூடிப் பேசிவிட்டு இரண்டு வாரத்தில் சொல்வார்களாம். அதுவரைக்கும் வேலையைப் பார் என்றார்கள், பார்க்கிறேன். அனுப்பிவிட்டால் வந்துவிடுகிறேன். கடலை இத்தனை உயரத்திலிருந்து பார்த்ததாவது மிச்சம்.

உனக்கு ஒரு தண்டனை உண்டு. வாப்பாவிடம் உண்மையை நீதான் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் அடங்கவில்லை என்று அவரை நம்பச் சொன்னது நீ. அவர் என்னிடம் போனில் இதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டியா, தொழுதியா, இரண்டே கேள்வி. அவர் கேட்காமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை.

துஆவுடன்,
பாத்திமா ஹனா


சங்கரன்கோவில்
8.7.2025

அன்புள்ள ஹனாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. வேலை நிலைத்துவிட்டது, புது அடையாள அட்டையில் நீ கேட்டபடியே பாத்திமா ஹனா சித்தீக் என்று முழுசாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். கொடுத்துவிட்டுப் போகட்டும், அதை என் பெயருக்கு அனுப்பு, சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன். மையத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் நேற்றுப் பால்கோவா கொடுத்தேன். வாரிசுச் சான்றிதழ் எடுக்க வந்த ஒருவர், இழவு வீட்டுக் காரியத்துக்கு வந்தவனுக்கு எதுக்கும்மா இனிப்பு என்று கேட்டுவிட்டு வாங்கித் தின்றார்.

உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. நான் உன்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பல்லியைப் பார்த்து மேஜைமேல் ஏறியவள் நீ. அவ்வளவு பெரிய இடத்தில், அந்த நரைத்த தலைக்கு முன்னால், இருக்கிற ஒரே வேலையை மேஜையில் வைத்துவிட்டு எனக்குப் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். தென்காசியில் அந்த மேனேஜர் தெருவைக் கேட்டபோது எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. பக்கத்தில் இருந்தால் காலைத் தொட்டிருப்பேன், நீ உதைத்திருப்பாய். காலி நாற்காலியைப் பற்றி நீ எழுதியிருந்ததை வாசித்த பிறகு, இந்த ஊரில் யாராவது வேலை கிடைக்கவில்லை என்று சொன்னால், எந்த ஊரில் இவர்களுக்கான நாற்காலி காலியாகக் கிடக்கிறதோ என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

நீ போட்ட தண்டனையை நிறைவேற்றிவிட்டேன். உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. நேற்று நல்ல செய்தியோடு சேர்த்துச் சொன்னால் கசப்பு தெரியாது என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

வாப்பாவே மையத்துக்கு வந்தார். வேலை நிலைத்ததைச் சொன்னதும் அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு கையையும் முகத்தில் தடவிக்கொண்டார். அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறது மாமா என்றதும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே மற்றதையும் சொல்லிவிட்டேன். நாற்பத்தோரு தடவை சித்தீக் என்று அடித்ததையும், பதில் வராததையும், நான் ஊரை மாற்றிப் போட்டதையும், உடனே போன் வந்ததையும், பெட்டிக்குள் பெயர் அடங்கியது என்பதையும். பொய் சொன்னதற்கு என்னை இரண்டு அடி அடித்துவிடுங்கள் என்றேன்.

என்னைக் கோபிக்கவே இல்லை. அவருக்கு வேறொன்று பிடிபட்டுவிட்டது. சிரிப்பு அப்படியே இறங்கிப்போனது. "அப்பம் அந்த நாப்பத்தோரு எடத்துலயும் எம்பேராலதான் போச்சா மக்கா?" என்று கேட்டார்.

உங்களால் இல்லை மாமா, அவர்களால் என்றேன். நீ அங்கே பேசியதை எல்லாம் வரிவரியாக வாசித்துக் காட்டினேன். தலைவர் சொன்னதையும் வாசித்தேன். கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டே போனார், தின்னவில்லை.

இன்றைக்குக் காலையில் ரூபியாவின் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா மாதிரி அவளும் சி.ஏ. படிக்கப் போகிறாள் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பதிவு பண்ண வேண்டும். எப்போதும் அவளோடுதான் வருவார், இன்றைக்குத் தனியாக வந்தார். கூட்டம் குறைகிற வரைக்கும் பெஞ்சில் காத்திருந்தார். ஆதார், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எல்லாவற்றையும் ஏற்றினேன். கடைசிப் பெயர் பெட்டி வந்தது. நான் எஸ் அடித்து, ஐ அடிக்கும்போது மேஜைமேல் கையை வைத்தார்.

"சின்னவளுக்கு ஊரு எஸ்ஸப் போட்ரு மக்கா" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே, "பெரியவ கெட்டிக்காரி, நின்னு பேசிட்டா. இவ பயந்தவ. இவளாவது எம்பேரைச் சொமக்காம போவட்டும். அவகிட்டச் சொல்லாத. பெரியவகிட்டயும் சொல்லாத" என்றார்.

அவர் இதைக் கோபத்தில் சொல்லவில்லை ஹனா, அழுதுகொண்டும் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரிதான் சொன்னார். பெற்ற மகளுக்காக ஒரு மனுஷன் தன் பெயரை இவ்வளவு சாதாரணமாகக் கழற்றிக் கொடுப்பதை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. இனியும் பார்க்க வேண்டாம். சர்வர் வேலை செய்யவில்லை மாமா, அப்புறம் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய்.

உன்னிடம் சொல்லாதே என்றார், சொல்லிவிட்டேன். நான் எடுத்துச் சொன்னால் அவர் கேட்க மாட்டார். இதை முதலில் செய்தவளே நான்தான், என்ன முகத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வேன்? அவர் நம்புகிறதாக இருந்தால் உன் வாயிலிருந்து வந்தால்தான் நம்புவார். வேலை நிலைத்ததைத் திரும்பச் சொல்லாதே, அது அவருக்குத் தெரியும். நாற்பத்தோரு தடவைக்குப் பிறகும் நீ ஏன் அந்தப் பெயரையே கேட்டு வாங்கினாய் என்று அவரிடம் சொல். அதை நீ எனக்கும் எழுதவில்லை, மேடத்திடமும் சொல்லவில்லை. அவருக்கு மட்டுமாவது சொல்.

பதிவுக்குக் கடைசி நாள் வரும் திங்கட்கிழமை. ரூபியாவின் விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன், அந்த ஒரு பெட்டியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் வாப்பாவைக் கூப்பிடு ஹனா. அவர் சாப்பிட்டியா, தொழுதியா என்று ஆரம்பிப்பார். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவரை முந்திக்கொண்டு நீ பேசு.

உங்கள் எல்லாரையும் பேரோடும் ஊரோடும் கடவுள் நல்லா வைக்கட்டும்.

காத்திருக்கும்,
சுமதி